முதல் மழையை மூடி வைத்தவன்

உங்கள் ஆய்வுகூடத்துக்கு இப்போது மழைநீர் பிடிக்க ஒரு கருவி வந்திருக்கிறதாம். முதல் துளி விழுந்ததும் தானாகத் திறந்துகொள்ளுமாம், மழை விட்டதும் தானாக மூடிக்கொள்ளுமாம். கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஓய்வு பெற்றுப் பல வருடங்களான கிழவனுக்கு ஒரு கருவியின் மேல் என்ன பொறாமை என்று நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். எனக்குப் பொறாமை வருவதற்குப் பெரிய காரணங்கள் தேவைப்பட்டதே இல்லை.

தண்ணீரை எப்படிப் பரிசோதிப்பது என்பதை உங்களுக்குப் புத்தகங்கள் சொல்லித் தரும். பரிசோதிக்கிறவனுடைய வயிற்றெரிச்சலை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைப் பற்றி, இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கிற உங்களுக்கு எழுத எனக்குத் தகுதி இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூடம் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்ட ஓட்டுக் கட்டிடம். கமக்காரர் கொண்டுவரும் கிணற்றுத் தண்ணீரையும் தோட்டத்து மண்ணையும் சோதிப்பதுதான் வேலை. புகையிலைக்கு ஆகுமா, வெங்காயத்துக்கு ஆகுமா என்று சொல்லி அனுப்புவோம். தலைவர் ஒருவர், உதவியாளர் இருவர். தலைவரை நாங்கள் ஐயா என்போம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். உதவியாளரில் மூத்தவன் நான். உடுப்பிட்டியில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் செய்து மானிப்பாய்க்கு வந்து, தினமும் சைக்கிளில் ஆய்வுகூடக் கந்தோருக்குப் போய் வந்தவன். இளையவன் டானியல், வட்டுக்கோட்டைப் பையன். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உத்தியோகம் நிரந்தரமாகவும் இல்லை. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். வந்த முதல் கிழமையே அவன் எழுதிய சிட்டைகளை ஐயா தூக்கிப் பிடித்து, "எழுத்தெண்டால் இது எழுத்து" என்றார். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பகை அன்றைக்கே தொடங்கிவிட்டது. டானியலுக்குத்தான் அது தெரியாது.

அப்போதுதான் அந்தக் காட்டு வேலை வந்தது. தெற்கே ஒரு மழைக்காட்டில் பெய்கிற மழையில் என்ன கரைந்திருக்கிறது, எங்கள் வறண்ட குடாநாட்டில் பெய்கிற மழையில் என்ன கரைந்திருக்கிறது என்று ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவன் காட்டில் தங்கி மழைநீரைப் பிடித்துப் போத்தல்களில் அடைத்து ரயிலில் அனுப்ப வேண்டும். மற்றவன் யாழ்ப்பாணத்து மழையைப் பிடித்து, இரண்டையும் ஒரே மேசையில் வைத்து அளக்க வேண்டும்.

நான் காட்டைக் கண்டதில்லை. மலையையும் கண்டதில்லை, ஓடுகிற ஆற்றையும் கண்டதில்லை. குடாநாட்டுக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, இல்லாவிட்டால் கடல். வருடம் முழுக்க மழை பெய்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அதுவும் எங்கள் ரயில்பாதையின் மறுமுனைக்குக் கிட்ட இருக்கிறது என்பதை நினைத்து இரண்டு நாள் நித்திரை வரவில்லை. மூத்தவன் நான், போகப்போவது நான்தான் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

ஐயா டானியலை அனுப்பினார்.

"உம்முடைய கை இஞ்சை வேணும். உப்பு அளக்கிறதிலை உம்மை விட்டால் ஆள் இல்லை. தண்ணி பிடிக்க ஆரும் போகலாம்" என்றார். அவர் சொன்னது பாராட்டு. என் காதில் தண்டனையாக விழுந்தது. கை சுத்தமாக இருந்த குற்றத்துக்காக மேசையில் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

கிழமைக்கொரு பெட்டி வரும். வைக்கோலுக்குள் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் அந்த முத்து எழுத்தில் ஒரு துண்டு: "திறந்த வெளி மழை", "மரத்தடி மழை". கூடவே ஐயாவுக்கு ஒரு கடிதம். அதை அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து உரத்து வாசிப்பார். காட்டில் மழை வருவதற்கு முன் மழையின் சத்தம் வருமாம். மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழிந்தும் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்குமாம். அட்டை கடிக்குமாம், கடித்தது தெரியாதாம். அட்டை கடிக்கிறதிலும் அவனுக்கு ஒரு சிறப்பு! நான் உள்ளே குழாயைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக வெள்ளி மருந்து விட்டுக்கொண்டிருப்பேன். தண்ணீரில் உப்பு இருக்கும்வரை மஞ்சள் மாறாது, உப்பு முடிந்ததும் செங்கல் நிறமாகும். எத்தனை சொட்டோ அத்தனை உப்பு. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் பக்கம் ஐப்பசியில்தான் மழை தொடங்கும். அதுவரை மாதக்கணக்கில் காய்ந்த காற்று கடலுப்பையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வீசும். கந்தோர் வளவில் ஒரு கட்டை நட்டு, அதன் மேல் கண்ணாடிப் புனலும் கீழே போத்தலும் வைத்திருந்தோம். புழுதி விழாமல் இருக்கப் புனலை ஓர் எனாமல் தட்டால் மூடி வைத்தேன். மேகம் கட்டியதும் தட்டை எடுத்துவிட வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை.

முதல் மழை வந்தது. நான் தட்டை எடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் எவனும் முதல் மழைக்குப் பானை வைக்கமாட்டான். கூரையும் வானமும் கழுவப்படட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகுதான் வைப்பான். என் தாயார் அப்படிச் செய்தார், ஊரே அப்படிச் செய்தது. என் கையும் யோசிக்காமல் அதையே செய்தது. நல்லாய்ப் பெய்யத் தொடங்கிய பிறகு தட்டை எடுத்தேன். அடுத்தடுத்த மழைகளுக்கும் அப்படித்தான். பிடித்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அளந்தேன், சில சொட்டுகளிலேயே சிவந்தது. என் மனம் குளிர்ந்தது.

ஏன் குளிர்ந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தொழிலில் குறைந்த எண் என்றால் சுத்தமான கை என்று ஒரு நினைப்பு உண்டு. நான் இரண்டு ஊர்களின் மழையை ஒப்பிடவில்லை. என் கையையும் டானியலின் கையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய திறந்த வெளி மழையும் என் மழையும் கிட்டத்தட்ட ஒரே எண். அவனுடைய மரத்தடி மழையிலோ சொட்டுச் சொட்டாக விட்டு எனக்குக் கை உளைந்தது, மஞ்சள் லேசில் மாறவில்லை. ஒரு எண் உங்களுக்குச் சந்தோசம் தந்தால் அதை இன்னொரு தரம் அளந்து பாருங்கள். துக்கம் தருகிற எண்ணை நீங்களாகவே மறுபடி அளப்பீர்கள், அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஐயா என் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"கடல் எங்களுக்குப் பக்கத்திலை. காட்டுக்கு எவ்வளவு தூரத்திலை. மரத்துக்குக் கீழை இவ்வளவு உப்பு எங்கையிருந்து வந்தது?"

"போத்திலுக்குள்ளையிருந்து வந்திருக்கும், ஐயா" என்றேன்.

இன்றைக்கும் அந்த வாக்கியம் என் காதில் கேட்கிறது. குரலை உயர்த்தாமல், வருத்தப்படுகிறவன் மாதிரிச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னாலும் அவள் கூடத்தைத்தான் குறை சொன்னாள், நான் ஒரு மனிதனைச் சொன்னேன்.

போத்தல்களை நன்றாகக் கழுவும்படி ஐயா டானியலுக்கு எழுதினார். அடுத்த பெட்டியிலும் மரத்தடி எண் அப்படியே. மறுபடி எழுதினார், கொஞ்சம் கடுமையாக. அதற்கடுத்த பெட்டியிலும் அப்படியே. நான் ஒவ்வொரு தடவையும் தாளை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிற்பேன். பேசாமல் நிற்பதுகூட ஒரு சாட்சிதான். கடைசியில் ஐயா முடிவெடுத்தார். டானியல் திரும்ப வேண்டும், அவனுடைய உத்தியோகம் நிரந்தரமாகாது, அவனுக்குப் பதிலாக நான் காட்டுக்குப் போக வேண்டும், மேசையில் அளப்பதை இனி ஐயாவே பார்த்துக்கொள்வார். அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு என் பெயரில் பயணச் சீட்டு வந்தது. சனிக்கிழமை முழுக்க அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருண்டது. பத்து நாளாக மழை இல்லாமல் இருந்து வந்த மழை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது, அதனால் என் மனைவி மழைத் தண்ணீர் சேர்த்து வைப்பாள். குசினித் தாழ்வாரத்துக்குக் கீழே கிடந்த பானையை அவள் உள்ளே இழுத்தாள்.

"மழை வருகுது, பானையை உள்ளை எடுக்கிறீர்?" என்றேன், பகிடியாக.

"முதல் தண்ணி ஊத்தை. ஓடட்டும், பிறகு வைப்பம்."

"நானும் கந்தோரிலை அப்படித்தான் செய்யிறனான்" என்றேன். நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நான் பருப்பு அவிக்கப் பிடிக்கிறன். நீங்கள் மழையிலை என்ன ஊத்தை கிடக்குது எண்டு பார்க்கத்தானே பிடிக்கிறியள்? ஊத்தையை வெளியிலை விட்டிட்டோ அளந்தனீங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. உமக்கு இரசாயனம் தெரியுமோ என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஆகும்போது எதிரே நிற்பவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவளைப் பொய்யாக்குவதற்காகவே கந்தோர்ப் பையிலிருந்து கழுவிய போத்தல்கள் இரண்டும் புனல்கள் இரண்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். ஒன்றை வெளியில் வைத்தேன், முதல் துளியிலிருந்தே. மற்றதை மாமரத்துக்குக் கீழே வைத்தேன். ஏன் மாமரத்துக்குக் கீழே வைத்தேன் என்று கேட்டால், டானியலின் எண் பொய் என்பதையும் சேர்த்து நிரூபித்துவிடலாம் என்ற ஆசைதான்.

திங்கட்கிழமை காலை, ஐயா வருவதற்கு முன் அளந்தேன். முற்றத்து மழையில் நான் அதுவரை எழுதிவந்ததைவிடப் பல மடங்கு உப்பு. மாமரத்து மழையில் அதைவிட அதிகம், தண்ணீரில் தேநீர் போல ஒரு மங்கல் நிறமும். மறுபடி அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன். என் போத்தல், என் கை, என் வீட்டு மரம். பத்து நாளாகக் காற்றில் வந்ததை எல்லாம் இலைகள் பிடித்து வைத்திருக்கின்றன, தங்களுக்குள் இருப்பதையும் கொஞ்சம் சேர்த்து மழையோடு கீழே விடுகின்றன. மரத்தடி மழை வேறு மழை. டானியல் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை முழுக்க என் எனாமல் தட்டுக்குக் கீழே இருந்தது.

ஐயா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கொளுவினார். "பயணத்துக்கு ஆயத்தமோ?" என்றார்.

"ஓம், ஐயா" என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னவாம் போத்தில்?"

"இன்னும் அளக்கேல்லை."

அவள் என் வேட்டிகளை மடித்துத் தந்தாள். நான் அவற்றைத் தகரப் பெட்டியில் அடுக்கினேன். செவ்வாய்க்கிழமை அட்டைக்கடிக்குப் பூச எலுமிச்சையும் சவர்க்காரமும் வாங்கி அடுக்கினேன். புதன்கிழமை ஒரு புதுக் குடை. ஒவ்வொரு சாமானாக அடுக்க அடுக்க எனக்கு நியாயங்களும் கிடைத்துக்கொண்டிருந்தன. நான் போய்ச் சரியாகப் பிடித்து அனுப்பினால் உண்மை தானாக வெளிவரத்தானே போகிறது? டானியல் கெட்டிக்காரன், அவனுக்கு வேறு வேலை கிடைக்காதா? வியாழக்கிழமை மனைவி பெட்டிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "அந்தப் பொடியனுக்குக் கலியாணம் பேசி வைச்சிருக்கினமெல்லே?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். பெண் வீட்டார் உத்தியோகம் நிரந்தரமாகட்டும் என்று காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டானியலின் அந்தக் கிழமைப் பெட்டி வந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டு இரண்டு கடிதங்கள் தந்தார். ஒன்று டானியலை விலக்குகிற கடிதம். "தபாலிலை போடுறதிலும் பார்க்க நீரே கையிலை குடுத்துவிடும். அவன் உம்மை நல்லாய் மதிக்கிறவன்" என்றார். மற்றது டானியலிடமிருந்து வந்தது. "இதையும் வாசியும்."

நின்றபடியே வாசித்தேன். ஒவ்வொரு போத்தலையும் கொதித்த தண்ணீரால் ஏழு தரம் கழுவுகிறானாம். கையில் துணி சுற்றிக்கொண்டுதான் புனலைத் தொடுகிறானாம். மரத்தடிப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்று மூச்சுக்கூட விடாமல் பார்த்தானாம். அப்படியும் எண் மாறவில்லை என்றால் பிழை தன்னுடைய கையில்தான் இருக்க வேண்டும், இந்த வேலைக்குத் தான் தகுதியில்லாதவன், ஐயாவின் நேரத்தையும் மூத்த அண்ணையின் உழைப்பையும் வீணாக்கியதற்கு மன்னிக்க வேண்டும், தன்னைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். முத்து முத்தான எழுத்து. அந்த நேரத்திலும் அந்த எழுத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. சரியாக மழை பிடித்த ஒருவனைத் தன் கையையே நம்பாதபடி நான் ஆக்கிவிட்டேன். உத்தியோகம் போனால் இன்னொன்று தேடலாம். இது போனால் இந்தத் தொழிலில் அவனுக்கு மிச்சம் என்ன?

"ஐயா, நான் போகேலாது" என்றேன்.

"ஏன், சுகமில்லையோ?"

"டானியலின்ரை கணக்குச் சரி. என்ரைதான் பிழை."

தட்டைப் பற்றிச் சொன்னேன். மாமரத்தைப் பற்றிச் சொன்னேன். என் மேசை லாச்சியை இழுத்து, திங்கட்கிழமை எழுதிய தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். அதில் தேதி போட்டிருக்கவில்லை. ஐயா வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"எப்ப கண்டனீர்?"

"இண்டைக்குக் காலமை, ஐயா."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "பயணப் பெட்டியோடை நிக்கிற நேரத்திலை இதைச் சொல்ல நெஞ்சு வேணும்" என்றார். விலக்கல் கடிதத்தைக் கிழித்தார். பயணச் சீட்டையும் வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்கு அவரே வந்து புனலுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார், தட்டு உள்ளே அலுமாரியில் கிடந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை என்னை நேர்மைக்கு உதாரணமாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் நான் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைப்பார்கள்.

அந்த நாலு நாட்களை நான் எழுதுவது இதுவே முதல் தரம். பிழை விடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை, விடத்தான் போகிறீர்கள். ஒரு பிழை தெரிந்தால் அதைத் தாளில் எழுதும்போது தெரிந்த தேதியையும் போடுங்கள். எண்ணைவிடத் தேதி போடத்தான் கை நடுங்கும்.

டானியல் வருடம் முடிந்து திரும்பி வந்தான். உத்தியோகம் நிரந்தரமாயிருந்தது, மரத்தடி மழை பற்றிய அறிக்கை அவன் பெயரில் வந்திருந்தது, பெரிய இடங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ரயிலால் இறங்கியவன் வட்டுக்கோட்டைக்குப் போகுமுன் நேரே மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்தான். கறுத்து மெலிந்திருந்தான். நான் எழும்புவதற்குள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, நீங்கள் மட்டும் வாய் திறக்காட்டில் நான் முடிஞ்சன். காட்டுக்குப் போற ஆசை உங்களுக்கு இருந்தது எனக்குத் தெரியும். அதை விட்டிட்டு எனக்காகச் சொன்னியள். கூடப் பிறக்காத அண்ணன் நீங்கள்." அவன் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்கவும் இவனால் முடிகிறதே என்று எனக்கு உள்ளே எரிந்தது.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். அவன் அவளிடம் திரும்பினான். "அக்கா, அண்ணை கடைசி நேரத்திலை எண்டாலும் கண்டு பிடிச்சது கடவுள் செயல். வெள்ளிக்கிழமை காலமைதானாமே? இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்?"

அவள் கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லைத் தம்பி, அவர் நேரத்தோடை கண்டிட்டார். பெட்டி அடுக்கினதிலை கொஞ்சம் சுணங்கிப் போச்சு."

டானியல் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் எனக்குரிய கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.